தொடக்கத்தின் மணமகள்

ஊஸ்டர்
21.10.2014, செவ்வாய்

அண்ணை,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியை வைத்த விதத்துக்குப் பிறகு உங்களோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கதைக்கவில்லை, எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே விழ முடியாது.

"உனக்கென்னத்துக்கு உந்தத் தேவையில்லாத வேலை?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல விடவில்லை. இதுதான் பதில்.

எங்கள் முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் ஃப்ராவ் வைலர் என்று ஒரு அம்மா இருக்கிறார். எண்பத்தாறு வயது. யூதர். முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தவர். பிள்ளைகள் இல்லை, பாசலில் தங்கையின் மகன் மட்டும். நாலு வருடமாக அவரைக் குளிக்க வார்ப்பதும் உடுப்புப் போட்டுவிடுவதும் நான்தான். கால் இரண்டும் ஏலாது. மூளை என்னுடையதைவிடத் தெளிவு.

அவர்களுக்குச் சிம்ஹத் தோரா என்று ஒரு பெருநாள். வேதத்தின் ஐந்து புத்தகங்களையும் கிழமைக்கு ஒரு பகுதியாக வருடம் முழுக்க வாசித்து, அன்றைக்குத்தான் கடைசிப் பகுதியை முடிப்பார்கள். முடித்த கையோடு இன்னொரு தோல்சுருளை விரித்து, முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். ஒரு நாள்கூட இடைவெளி விடமாட்டார்கள். அந்தத் தொடக்கத்தை வாசிக்க அழைக்கப்படுகிறவருக்கு மணமகன் என்று பெயர். ஃப்ராவ் வைலர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெண்கள் மேல்மாடியில் இருந்து எட்டிப் பார்க்க மட்டும்தான். இப்போது அவர் போகும் சூரிச் சபை சிறியது, புதுப்போக்கானது. இந்த வருடம் அவரை அழைத்தார்கள். தொடக்கத்தின் மணமகள், எண்பத்தாறு வயதில்!

செப்டெம்பரில் இல்லத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் லுட்ஸிடம் கேட்டேன். நடையில் நின்றபடியே, "சரி, சரி, உங்களுக்கு விடுமுறை நாளென்றால் கூட்டிப் போங்கள்" என்றார். போன வெள்ளிக்கிழமைதான் பெருநாள், எனக்கும் விடுமுறை. வெளியே போகிறவர்களின் புத்தகத்தில் என் பெயரை எழுதிவிட்டு, சக்கர நாற்காலியோடு ரயிலில் கொண்டுபோனேன். மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பிவிட்டோம்.

நாங்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பாசலில் இருக்கும் அந்தத் தங்கை மகன் பெருநாள் வாழ்த்துச் சொல்ல இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "உங்கள் பெரியம்மா இங்கே இல்லை" என்று யாரோ சொல்ல, அவர் கத்தியிருக்கிறார். அடுத்த நாள் ஃப்ராவ் வைலருக்குக் கால் கொஞ்சம் வீங்கியது. நெடுநேரம் நாற்காலியில் இருந்ததால் வந்த வீக்கம், இரண்டு நாளில் வற்றிவிடும் என்று வைத்தியர் சொன்னார், வற்றியும்விட்டது. ஆனால் ஃப்ராவ் லுட்ஸ் என்னைக் கூப்பிட்டு, தான் அனுமதி தரவே இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

இப்போது என் கையில் எச்சரிக்கைக் கடிதம். "அனுமதியின்றி ஒரு குடியிருப்பாளரை அகற்றியமை." ஒரு குப்பை வாளியைப் போல அகற்றினேனாம். பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க நவம்பர் 12 வரைக்கும் தவணை.

வைக்கமாட்டேன். அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன்.

கௌரி


முருகன் துணை

சூக்
24.10.2014

தங்கச்சி கௌரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைசி வரிவரைக்கும் குறுக்கே விழாமல் வாசித்தேன்.

இன்றைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது. இரண்டு வருடமாக நீ எங்கள் கோயிற்படி மிதிக்கவில்லை. புராணப் படிப்புக்கு வா என்றால் வேலை என்கிறாய். மற்றவர்களின் வேதத்துக்கு ரயிலேறிப் போக மட்டும் உனக்கு விடுமுறை கிடைக்கிறது. கோபத்தில் எழுதவில்லை. மனவருத்தத்தில் எழுதுகிறேன். சரி, கோபமும் இருக்கிறது.

நவம்பர் 18 உனக்கும் மகள் ரிஷானிக்கும் கெமைண்டேயில், அதுதான் ஊராட்சி அலுவலகத்தில், குடியுரிமை நேர்முகம். பதினெட்டு வருடம் காத்திருந்தாய். ரிஷானியின் அப்பா போனபிறகு தனியாக நின்று காகிதம் சேர்த்தாய். வேலையிடத்து நற்சான்றிதழ் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? இந்த எச்சரிக்கை உன் கோப்பில் இருந்தால் என்ன எழுதுவார்கள்? அந்த வேலையை எடுத்துத் தரும்போது நான் யார் யாரிடம் போய் நின்றேன் என்பதையும் மறந்துவிட்டாய்.

நான் வந்த புதிதில் ஒரு உணவகத்தில் குளிரறைக் கதவு இரவு முழுக்கத் திறந்து கிடந்து இறைச்சி எல்லாம் பழுதானது. திறந்து விட்டவன் முதலாளியின் தம்பி. எல்லாருக்கும் தெரியும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நான்தான், மன்னியுங்கோ" என்றேன். ஒரு நிமிட வேலை. அதனால் அங்கே நின்றேன், வதிவிட அனுமதி வந்தது, உன்னையும் கூப்பிட்டேன். அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் நீ இன்றைக்கு ஊஸ்டரில் இருந்துகொண்டு எனக்குக் கோபமாகக் கடிதம் எழுத முடியாது.

மகன் சாயிசன் ஜெர்மன் மொழியில் நல்ல வடிவாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்திருக்கிறான். இதனோடு வைத்திருக்கிறேன். வாசித்து யோசிக்கத் தேவையில்லை. கையெழுத்தைப் போட்டுக் கொடு.

அண்ணை
பத்மநாதன்


ஊஸ்டர்
27.10.2014

அண்ணை,

வாசித்தேன். யோசித்தும் பார்த்தேன். உங்கள் மகனின் ஜெர்மன் நல்ல வடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பண்பாட்டு வேறுபாடு காரணமாகப் பொறுப்பாளரின் கூற்றை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்." இது மூன்றாவது வரி. எந்தப் பண்பாடு, அண்ணை? "சரி, சரி, கூட்டிப் போங்கள்" என்பதற்கு யாழ்ப்பாணத்தில் வேறு அர்த்தமா இருக்கிறது? இந்த நாட்டில் பதினெட்டு வருடமாக இந்த மொழியில் சாகக்கிடக்கிறவர்களின் கடைசிச் சொல்லைக்கூட விளங்கிக்கொண்டவள் நான். ஒரு "சரி" எனக்கு விளங்காதாம். ரிஷானி அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மச்சான் உங்களை முட்டாள் எண்டு எழுதியிருக்கிறார், ஆனா மரியாதையா எழுதியிருக்கிறார்" என்றாள். தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் ஞாபகத்துக்கு வைத்திருங்கள்.

குளிரறைக் கதையை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறீர்கள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? ஒரு நிமிட வேலைதானே!

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கு முழுக்க எழுதவில்லை. எழுதினால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன், சிரியுங்கள்.

அது ஒரு அச்சகத்துக்கு மேலே வாடகைக்கு எடுத்த மண்டபம். வெள்ளிப் பூணும் பட்டுறையும் போட்ட சுருள்களைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தோளில் சாத்திக்கொண்டு பாடி ஆடி ஏழு தரம் சுற்றி வருகிறார்கள். சிறுவர்களுக்கு மிட்டாய் எறிகிறார்கள், ஒன்று என் நெற்றியில் பட்டது. நாலாவது சுற்றில் ஒரு சுருளை ஃப்ராவ் வைலரின் மடியில் வைத்தார்கள். நல்ல பாரம். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஓடுங்கள், ஃப்ராவ் ஜெயகௌரி, ஓடுங்கள்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், சேலையோடு.

பிறகு வாசிப்பு. முடிக்கும் பகுதியில் அவர்களின் தலைவர் மலை உச்சியில் நின்று, தரப்படும் என்று சொல்லப்பட்ட நாட்டைக் கண்ணால் பார்க்கிறார். உள்ளே போகாமலே செத்துப்போகிறார். பக்கத்தில் இருந்தவர்தான் எனக்கு அதைக் காதுக்குள் சொன்னார். ஊரில் யுத்தம் முடிந்த பிறகு, இந்த ஐந்து வருடமாக நான் எந்தக் கோயிலுக்கும் சரியாகப் போகாததன் காரணம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இவர்கள் அந்தச் சாவை வாசித்து முடித்து, எல்லாரும் எழுந்து நின்று "பலமாயிருங்கள்" என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு, உடனே மற்றச் சுருளை விரித்தார்கள். அப்போதுதான் ஃப்ராவ் வைலரை அழைத்தார்கள்.

ஒரு மாதமாக ஒவ்வொரு காலையும் நான் அவருக்குக் காலுறை மாட்டும்போது வாசிப்புக்கு முன் சொல்லும் வாழ்த்து மந்திரத்தைப் பாடிப் பழகியவர். எனக்கே பாடமாகிவிட்டது. நாற்காலியில் இருந்து சொல்லலாம் என்றார்கள். "நான் இருந்துகொண்டு சொல்லமாட்டேன்" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்து, முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நின்றார். வானமும் பூமியும் படைக்கப்பட்டதை அவருக்காக வாசித்தார்கள்.

இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. சனிக்கிழமையிலிருந்து என்னை நிலத்தடி உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் மாடிக்குப் போகத் தடை. ஃப்ராவ் வைலரிடம், நான் விடுமுறையில் போய்விட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு மாடி இறங்கினால் நான் நிற்கிறேன், அவர் என்னைக் காணாமல் இருக்கிறார். எச்சரிக்கைக் கடிதத்தைக்கூடப் பொறுப்பேன். இதைப் பொறுக்கமாட்டேன்.

கௌரி


முருகன் துணை

சூக்
31.10.2014

தங்கச்சி,

நேற்று வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். முதல்நாள் சூரன்போர் முடிந்து விரதமும் முடித்திருந்தேன். உனக்குச் சொல்லாமல் உன் இல்லத்துக்குப் போனேன். ஃப்ராவ் லுட்ஸைக் கண்டு கதைத்து, கையைப் பிடித்தாவது இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ ஏசுவாய். ஏசு.

நாற்பது நிமிடம் காக்க வைத்தார். பிறகு கூப்பிட்டு, என்னோடு நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். "நீங்கள், சகோதரன், ஆம்? நல்லது." கையாலும் காட்டிக் காட்டி. இருபத்தாறு வருடமாக நான் இந்த மண்ணின் பேச்சுமொழியில் சமையலறையில் சண்டை பிடிக்கிறவன். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நீ நல்ல வேலைக்காரியாம். ஆனால் மனம் இளகிய ஆளாம். நான் மெதுவாக, "நீங்கள் அனுமதி தந்ததாக அவள் நினைத்துவிட்டாள்" என்றேன். அதற்கு அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒரு மரியாதைப் பேச்சு. உங்கள் ஆட்களுக்கு அது விளங்குவதில்லை."

சொன்னது உண்மைதானாம், கௌரி.

வெளியே வரும்போது வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா இருந்தார். வரவேற்பில் நான் உன் பெயர் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். "நீங்கள் ஃப்ராவ் ஜெயகௌரியின் அண்ணனா? அவருடைய விடுமுறை எப்போது முடியும்?" என்று கேட்டார். அவர் சரியாக, நேராகத்தான் கதைத்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவள் விடுமுறையில் இல்லை. கீழே நின்று உங்களுடைய படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிறாள்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துபோனது. நான் ஏதாவது கெடுதல் செய்துவிட்டேனோ தெரியாது. 

அண்ணை


ஊஸ்டர்
4.11.2014

அண்ணை,

யார் உங்களைப் போகச் சொன்னது? என்னைக் கேட்டீர்களா? எனக்காகக் கெஞ்ச உங்களுக்கு யார் அனுமதி தந்தது? அனுமதியில்லாமல் செய்வதைப் பற்றி இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் புத்திமதி!

ஏசிவிட்டேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐம்பது பேருக்கு மேல் இருக்கிற மண்டபம். சமையலறையில் நிற்கிற ஞானேஸ்வரி அக்கா ஓடிவந்து, "கௌரி, கெதியா மேல வா! உன்ர மனுசி எழும்பி நிக்குது!" என்றார். நான் தோய்த்த ஈரக்கையோடு படியேறினேன்.

ஃப்ராவ் வைலர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்டியால் கண்ணாடிக் குவளையில் தட்டினார். ஃப்ராவ் லுட்ஸ் கதவடியில். தையல் டீச்சரின் குரலில் சொன்னார்: "என்னை இந்த வீட்டிலிருந்து அகற்றிவிட்டதாக ஒரு கடிதம் இருக்கிறதாம். என்னை ஒருவரும் அகற்றவில்லை. நான் போனேன். எனக்கு எண்பத்தாறு வயது. எங்கே போனேன், யாரோடு போனேன், ஏன் போனேன் என்று இந்த வீட்டில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி எல்லாரும் கையெழுத்து வைக்கிறார்கள், என் கையெழுத்து மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை."

பிறகு இருந்து சூப்பைக் குடித்தார். கடிதத்தைப் பற்றி முதல்நாள் அவருக்குச் சொன்னவர் ஞானேஸ்வரி அக்காவாம். பாசல் மகனுக்குத் தானே எடுத்துக் கதைத்திருக்கிறார். அந்த மனிதர் திங்கட்கிழமை வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நெட்டையான, கூச்சமான ஆள். பெரியம்மாவுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்ததே அவருக்குத் தெரியாதாம். தெரிந்திருந்தால் தானும் வந்திருப்பாராம்.

ஆனால் ஃப்ராவ் லுட்ஸ் அசையவில்லை. அவர் அனுமதி தந்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்கிறார். அதில் ஃப்ராவ் வைலரின் சொல் செல்லாது, அவர் அந்த நடையில் நிற்கவில்லை. பன்னிரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு விசாரிக்கிறது.

அவர் அனுமதி தந்ததை அவருடைய வாயாலேயே கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான். வந்து சொல்வீர்களா?

உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் ஓமோ இல்லையோ, இப்போது சொல்ல வேண்டாம் என்கிறேன். வந்தால் வாருங்கள். வராவிட்டால், இனி என் கோபத்தில்கூட உங்களுக்குப் பங்கில்லை.

கௌரி


சூக்
13.11.2014

தங்கச்சி,

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய், அதனால் அதை எழுதவில்லை. நான் ஏன் பத்து நிமிடம் பிந்தி வந்தேன் என்பதை எழுதுகிறேன். வெளியே வந்து நீ கேட்டபோது, ரயில் பிந்திவிட்டது என்றேன். பொய்.

எட்டு மணிக்கே ஊஸ்டருக்கு வந்துவிட்டேன். நிலையத்தில் ஒரு கோப்பி குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன். பிறகு சூரிச் ரயில் வர ஏறிவிட்டேன். ஓம், திரும்பிப் போக. என்ன சொல்லி உன்னிடம் தப்பலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். வேலையில் ஆள் வரவில்லை என்று சொல்லலாம் என்று முடிவெடுத்தேன்.

போன தடவை எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஃப்ராவ் லுட்ஸ் "உங்கள் ஆட்களுக்கு அது விளங்குவதில்லை" என்று சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார், நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல. நான் எழுந்து அவருக்கு நன்றி சொன்னேன், கௌரி. இரண்டு தரம் சொன்னேன். வாசல்வரை பின்பக்கம் காட்டாமல் நடந்தேன். நேற்று ரயிலுக்குள் அதுதான் வந்தது. குளிரறைக்காரனுக்கும் நான் நன்றி சொல்லித்தான் வெளியே வந்தேன். அது ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை என்று உனக்கு எழுதினேன். அது முடியவே இல்லை. நான் அந்த நிமிடத்துக்குள்ளேயேதான் இருபத்தைந்து வருடமாக நிற்கிறேன்.

ஸ்டாடெல்ஹோஃபன் நிலையத்தில் இறங்கி, திரும்ப ஊஸ்டர் ரயிலைப் பிடிக்க மற்ற மேடைக்கு ஓடினேன்.

அங்கே வந்து என்ன சொல்லவேண்டும் என்று ஒழுங்காக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஃப்ராவ் லுட்ஸ் திரும்பவும், "சகோதரன், சரியாக, விளங்கவில்லை" என்று நிறுத்தி நிறுத்தித் தொடங்கினாரே, அதோடு தாள் பறந்துவிட்டது. நான் மேசையில் அடித்திருக்கக்கூடாது. தண்ணீர்க் குவளை சரிந்தது குழுத் தலைவரின் கோப்பில். ஆனால் சூக் சமையலறைப் பேச்சில் அன்றைக்கு என்னிடம் சொன்ன அவ்வளவையும் கொட்டியபோது ஃப்ராவ் லுட்ஸின் முகத்தைப் பார்த்தாயா? ஒரு சொல் விடாமல் விளங்கியது அவருக்கு.

கை இன்னும் நோகிறது. உன் அண்ணி இந்திரா எண்ணெய் போட்டுவிட்டாள். "அம்பத்தாறு வயசில சண்டைக்குப் போனவராம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன்.

அண்ணை


ஊஸ்டர்
21.11.2014

அண்ணை,

முடிவு வந்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் மீளப்பெறப்பட்டது. நேற்றிலிருந்து நான் திரும்ப மூன்றாம் மாடியில். அதில் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடலாம். ஆனால் அந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்க வேண்டும்: "ஒரு தவறான புரிதல் ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம்." ஏற்பட்டதாம்! மழை பெய்ததுபோலத் தானாக ஏற்பட்டதாம். பொய் சொன்ன ஆளுக்குப் பெயர் இல்லை. ஃப்ராவ் லுட்ஸ் அதே கதிரையில் இருக்கிறார், காலையில் எனக்கு வணக்கமும் சொல்கிறார். அந்த வாய் "மன்னியுங்கள்" என்று சொல்லும்வரை நான் ஆறமாட்டேன். சொல்லாது என்றும் தெரியும்.

கெமைண்டே நேர்முகம் நல்லபடி நடந்தது. நற்சான்றிதழில் ஒரு குறையும் எழுதவில்லை. எழுதப் பயந்திருப்பார்கள். முடிவு வசந்த காலத்தில்தான். ரிஷானி அங்கே என்னைவிட அதிகமாகக் கதைத்தாள்.

இப்போது ஒரு புதுச் சட்டம். இனி யாரும் வெளியே போவதென்றால் முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பி, ஃப்ராவ் லுட்ஸ் கையொப்பமிட வேண்டும். எங்களை அடக்கத்தான் கொண்டுவந்தார்கள். ஃப்ராவ் வைலர் அலுவலகத்தில் போய், "எனக்கு ஐம்பது படிவம் தாருங்கள்" என்று கேட்டாராம். அவர்களின் வாசிப்பு இப்போதுதானே புதிதாகத் தொடங்கியிருக்கிறது. வருகிற வருடச் சிம்ஹத் தோரா வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒவ்வொரு படிவம். தன் கையாலேயே எழுதுகிறார், தையல்போல நெருக்கமான எழுத்து. பத்தொன்பது முடிந்துவிட்டது. முடிய முடியக் கொண்டுபோய் ஃப்ராவ் லுட்ஸின் மேசையில் வைக்கிறார். மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கூட்டிப் போகிறவர் பெயர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் என் பெயர்தான், ஒன்றைத் தவிர. டிசம்பர் 6 எனக்குப் பகல் வேலை என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசையில் அடித்த அந்த மனிதரின் பெயரை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டார். நான் தடுக்கவில்லை. காலை எட்டே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள், அவருக்குப் பிந்தினால் பிடிக்காது.

கௌரி